அமெரிக்கச் சட்டமும் அண்ணையின் ஊசியும்

எனக்கு அமெரிக்காவில் வாக்குரிமை இல்லை. நான் இருக்கும் சுவிஸிலும் இல்லை, நிரந்தர வதிவிட அனுமதி மட்டும்தான். ஆனாலும் ஓர்லிகோனில் ட்ராம் ஏறி முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போய்ச் சேரும்வரை என் காதில் அமெரிக்க அரசியல்தான் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே செனட்டில் யார் எந்தச் சட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இங்கே தலைநகர் பேர்னில் யார் அமைச்சர் என்று கேட்டால் முழிப்பேன்.

"உனக்கென்ன விசரோ?" என்பார் கணவர். விசர்தான், பைத்தியம்தான். அவ்வளவு பணக்கார நாடு தன் சனத்துக்கு வைத்தியம் பார்க்க ஏன் இவ்வளவு இழுபடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயத்தை விட்டுவிடவும் எனக்குத் தெரியாது.

2010இல் அங்கே மருத்துவக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியபோது வீட்டில் கேசரி கிண்டினேன். இங்கே அந்தக் காப்புறுதி இல்லாமல் இருக்கச் சட்டத்தில் இடமில்லை. வருடாவருடம் கட்டணம் கூடுகிறதென்று திட்டித் திட்டியே எல்லோரும் கட்டுகிறோம். கணவர் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "எங்கட காப்புறுதி கூடினதுக்கு என்ன கிண்டப்போறாய்?" என்று கேட்டார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு கோடையில், அமெரிக்காவிலிருந்து அண்ணை, மகளை அங்கே விட்டுவிட்டுத் தனியாக வந்தார். கணினி நிறுவனத்தில் இருந்த வேலை போய், வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அமெரிக்காக்காரருக்கு என்றைக்கும் ஒரு படி மேலே இடம். நாங்கள் கோப்பை கழுவ வந்தவர்கள். ஆகவே வேலை போனதை அவரும் விரிக்கவில்லை, நாங்களும் கிண்டவில்லை.

அண்ணைக்குப் பல வருடமாகச் சலரோகம், சீனி வருத்தம். அது எனக்குத் தெரியும். ஆனால் இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு ஏன் பத்தியம் என்பது எங்கள் ஆட்களின் வைத்திய அறிவு. காலையில் பால் புட்டு, மத்தியானம் சோறும் மீன் குழம்பும், பின்னேரம் மாம்பழம். சாப்பாட்டுக் கோப்பையை வெறுமையாக விடுவேனா? அவரும் மறுக்கவில்லை. நான் சோறு போட்டுக்கொண்டே சட்டத்தைப் புகழ்வேன். அவர் பிசைந்துகொண்டே எதிர்ப்பார்.

"கட்டாயப்படுத்தி வாங்கப் பண்ணுறது சுதந்திரமோ? விருப்பமில்லாதவன் எடுக்கத் தேவையில்லை. அதுதான் அமெரிக்கா."

"வருத்தம் வந்தால்?"

"அவனவன் பாத்துக்கொள்ளுவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு அகப்பை சோறு போடுவேன்.

மூன்றாம் நாள் அவர் தண்ணீர் குடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போத்தல் போத்தலாகக் குடித்தார், அடிக்கடி கழிவறைக்குப் போனார். ட்ராமில் நித்திரையானவரை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பயணக் களைப்பு என்றார். நம்பாமல் எங்கள் குடும்ப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

விரலில் குத்திப் பார்த்த வைத்தியரின் முகம் மாறியது. எவ்வளவு இன்சுலின் போடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணை சொன்ன அளவைக் கேட்டு, இது தேவையில் பாதிதானே, குறைக்கச் சொன்னது யார் என்றார். அண்ணை என் பக்கம் திரும்பித் தமிழில் கதைத்தார்.

"மகளுக்கும் இந்தச் சலரோகம் வந்திட்டுது. போன வருசம். வேலையோட காப்புறுதியும் போச்சு. கடையில ரெண்டு பேருக்கும் வாங்கேலாத விலை. என்ரை மருந்தில பாதி அவளுக்கு."

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை?"

"நாளைக்கு அவளுக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமோ?"

அறிவு கெட்டுப்போய், "சட்டம் வந்திட்டுதே அண்ணை!" என்றேன்.

"வந்திட்டுது. பெரிய பகுதி துவங்க இன்னும் கன காலம் கிடக்கு. சீனி அதுவரைக்கும் காத்துக்கொண்டு நிக்குமோ?"

அந்தத் தவணைக் காலம் எனக்கும் தெரிந்ததுதான். செனட்டில் பேரம் பேசிப் பிந்தி வைத்தார்கள், பரவாயில்லை, வென்றோமே என்றுதான் கேசரி கிண்டிய அன்றைக்கு நினைத்தேன்.

"பிறகேன் மூண்டு நாளா என்னோட சண்டை பிடிச்சனீங்கள்?"

"உனக்கு முன்னால ஏலாதவனாய் இருக்க விருப்பமில்லை, பிள்ளை."

வைத்தியர் அன்றே சீனியை இறக்க ஊசி போட்டு, அண்ணைக்கு மருந்தும் எழுதினார். மகளுக்கும் சேர்த்து எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். ஆளைப் பார்க்காமல் எழுத முடியாது என்றார். அவர் சொன்னது சரி. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

மருந்துக் கடையில் விலையைக் கேட்ட அண்ணை, "இது ஒரு ஊசிக்கோ, முழுப் பெட்டிக்கோ?" என்று என்னைக் கேட்டார். பெட்டிக்கு என்றேன். அதே மருந்து, அதே பெயர். அவர் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரசியலைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ட்ராமில் எதைக் கேட்டாலும் அந்தப் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

விமான நிலையத்தில், மருந்து இருந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "இனி முழு அளவும் போடவேணும். எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ" என்றேன்.

"ஓம்" என்றார்.

பொய் என்று தெரிந்தது. என் பிள்ளைக்கு அந்த வருத்தம் வந்திருந்தால் நானும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். பையை விட்டேன்.