இடப்பக்கம் பார்த்த மாப்பிள்ளை

போன வாரம் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பஸ்ஸுக்குக் கீழே போகவேண்டியவன், இந்த வாரம் கடலூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருஷமாக சைகோன் ஜவுளிக்கடையிலிருந்து இந்தப் பத்தியை எழுதிவந்தவன், இப்போது லீவில் வந்திருக்கிறேன். லீவு என்பது சாக்கு. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் நான் விட்டுப்போன என் மனைவி சல்மாவை இந்த முறையாவது கூட்டிப்போக வேண்டும். அவளுக்குச் சம்மதம். அவள் வாப்பாவுக்கு, அதாவது சிதம்பரத்தில் இருக்கிற என் மாமாவுக்கு, இல்லை.

அங்கே நடக்கிற சண்டை பற்றிப் பேப்பரில் வருகிறதே, அதற்குப் பயந்தாரா? அதுதான் இல்லை. ரோட்டுக்குப் பயந்தார்.

"அந்த ஊர்ல ரோட்டத் தாண்டறதுக்குள்ள உசுரு போயிடும்னு நீங்கதானே மாப்ளே எழுதியிருந்தீங்க? என் பொண்ண எப்படி அனுப்புறது?"

எழுதியிருந்தேன்தான். சிரிப்பார்கள் என்று எழுதினேன்... என் பத்தியை வரி விடாமல் நம்புகிற ஒரே வாசகர் எனக்கு மாமனாராக வாய்த்திருக்கிறார்!

"அது போன புதுசுல மாமா. இப்ப நல்லாப் பழகிட்டேன்" என்றேன்.

பழகியது உண்மை. சைகோனில் வண்டிகள் நம் ஊர் போல் இல்லாமல் வலப்பக்கமாக ஓடும். இறங்குமுன் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். இறங்கிவிட்டால் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் ஸ்கூட்டரும் சைக்ளோ ரிக்‌ஷாவும் தாமாகச் சுற்றிக்கொண்டு போகும். ஹாரன் அடித்தால் 'உன்னைப் பார்த்துவிட்டேன், நீ பாட்டுக்கு நட' என்று அர்த்தம். இதைக் கற்க எனக்கு ஆறு மாதமும் ஒரு முழங்காலும் செலவாயின.

இத்தனையையும் மாமாவிடம் விளக்கிக்கொண்டே கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம். சல்மா பின்னால் வந்தாள். தெற்கு வீதியைத் தாண்ட வேண்டும்.

ஆறு மாதப் படிப்பு சும்மா இருக்குமா? இடப்பக்கம் பார்த்தேன். ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. இறங்கினேன். வலப்பக்கம் ஹாரன் கேட்டது. சரி, பார்த்துவிட்டான் என்று நிம்மதியாக நடந்தேன்... ஓடவில்லை, நிற்கவில்லை, சீராக.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு. இரண்டு பட்டன் தெறிக்க, சல்மா மேலேயே போய் விழுந்தேன். நான் இருந்த இடத்தில் பஸ் வந்து நின்றது.

டிரைவர் திட்டவில்லை. தலையை நீட்டி, "எந்த ஊரு சார்?" என்று கேட்டார், பொறுமையாக.

நான் பிறந்தது இந்த ஜில்லாவில். படித்தது இதே சிதம்பரத்தில். சல்மா இன்னும் என் சட்டையை விடவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. செத்திருப்போமே என்பதைவிட, இனி இவளைக் கூட்டிப்போக எப்படிக் கேட்பது என்ற பயம். வெளிநாட்டு ரோட்டில் பெண்ணைக் காப்பாற்றுவேன் என்றவனின் லட்சணத்தை மாமா கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மாமா சொன்னார்.

"உங்களுக்கு இங்க இருந்த பழக்கமும் போயிடுச்சு மாப்ளே. அங்க எப்படி நடக்குறீங்களோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க. இவளக் கூடவே கூட்டிட்டுப் போங்க. அங்க உங்களப் புடிச்சு இழுக்க யாரு இருக்கா?"

சல்மா உள்ளே போய்விட்டாள், சிரிப்பை மறைக்க.

சைகோனில் நன்றாகவே தாண்டுவேன் என்பதை மட்டும் மாமாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.