அரசாங்க டொக்டர் வருகிறார்

கதவு தட்டும் சத்தம் கேட்டால் நாகேஸ்வரி கதவுப் பக்கம் போகமாட்டார். புருஷனிடம்தான் ஓடுவார். வாயோரத்து எச்சிலைத் துடைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டி, மூத்திரப் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, சீப்பால் தலையை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "இஞ்சருங்கோ, ஆரோ வந்திருக்கினம், நிமிர்ந்து இருங்கோ" என்பார். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும். பால்காரன் காசுக்கு வந்தாலும் இதே கூத்துத்தான். ஸ்பிரிங்வேல் மழையில் அவன் நனைந்துகொண்டு நிற்பான், பாவம்.

புருஷன் ஈஸ்வரமூர்த்தி ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமைக் கிளாக்கராக இருந்தவர். மகன் சிறி மெல்பேர்னில் படித்து வேலை எடுத்த கையோடு தாய் தகப்பனை அழைத்துக்கொண்டான். பிறகு அவனுக்கு பேர்த்தில் நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து ஃபோன் எடுப்பான். போன வருடம் பாரிசவாதம் வந்து கிழவரின் இடது கையையும் காலையும் கொண்டுபோய்விட்டது. நாக்கை மட்டும் தொடவில்லை. அந்த நாக்கு இன்னும் கச்சேரிக் கதிரையில்தான் இருக்கிறது.

நாகேஸ்வரிக்கு ஐம்பத்திமூன்று வயது. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கொலர் தைக்கிறார். தேத்தண்ணி நேரத்தில் மற்றப் பெண்கள் பிஸ்கட்டை எடுக்க, இவர் வாசலில் இருக்கும் ஃபோனுக்கு ஓடுவார். மறுமுனையில் ஈஸ்வரமூர்த்தி வலது கையால் எடுத்து, ஒஃபிசில் பேசுவதுபோல இங்கிலிஷில் தன் முழுப் பெயரையும் சொல்வார். அவ்வளவுதான் வேண்டும். நாகேஸ்வரி ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிடுவார். உயிரோடு இருக்கிறார், இனி மத்தியானம் வரை தைக்கலாம்.

ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. "எனக்கு நெஞ்சு தண்ணியாப் போச்சு" என்று இப்போது சொல்லும்போதும் அவருடைய கை கழுத்துக்குப் போகிறது. மெஷினை அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனோடு, மழையில், ஐம்பத்திமூன்று வயதில் ஓடினார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிழவர் மல்லாந்து கிடந்தார். உடுப்பு நனைந்து குளிர்ந்து போயிருந்தது. உதடு நீலம். மனைவியைக் கண்டதும் அவர் சொன்னது இது: "ஏன் பதறுறீர்? சும்மா கொஞ்சம் கீழ படுத்தனான்."

அன்றிலிருந்து பயம் நாகேஸ்வரியோடு ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கிவிட்டது. கதவில் சாவியைப் போடும்போது பயம். கிழவர் இருமினால் பயம், இருமாவிட்டால் அதைவிடப் பயம். "நான் வரேக்கை விறைச்சுப்போய்க் கிடந்தால் என்ன செய்யிறது? நான் விழுந்தால் ஆர் எங்களைத் தூக்கிறது?" என்று கேட்பார். கேட்பது நம்மைத்தான் என்றாலும் பதிலை எதிர்பார்க்கமாட்டார். வேலையை விடவும் வழியில்லை, வீட்டு வாடகை அவருடைய சம்பளத்தில்தான் போகிறது.

குடும்ப டொக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். இவரை இனி வீட்டில் தனியாக விட முடியாது, நேர்சிங் ஹோம்தான். ஆனால் அங்கே ஒருவரை வைத்திருப்பதற்கு நாகேஸ்வரியின் சம்பளம் முழுவதையும் கொட்டினாலும் காணாது. அரசாங்கம்தான் பெரும்பங்கைக் கட்ட வேண்டும். கட்டும். ஆனால் இவருக்கு இரவும் பகலும் ஆள் வேண்டும் என்பதை அரசாங்க டொக்டர் ஒருவர் நேரில் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

"கட்டின மனுசனைக் கொண்டுபோய் ஹோமில தள்ளிப்போட்டாள் எண்டு சனம் கதைக்கும்" என்று நாகேஸ்வரி இரண்டு கிழமை அழுதார். பிறகு அந்த நீல உதடு ஞாபகத்துக்கு வந்தது. சம்மதித்தார்.

டொக்டர் வருகிற நாள் வந்ததே, அப்பப்பா! கலியாண வீடு தோற்றது. லீவு போட்டு, விடியவே கிழவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, பவுடர் போட்டு, கோட்டும் டையும் கட்டி, முன்னறைக் கதிரையில் இருத்தினார். மூத்திர வாடை போக அறைக்கு அறை ஊதுபத்தி. குசினியில் பற்றிஸ் பொரிந்துகொண்டிருந்தது. வீடு ஊத்தையாகக் கிடந்தால், இந்தக் குடும்பம் சரியில்லை என்று அரசாங்கம் கைவிரித்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

டொக்டர் இரண்டு பற்றிஸ் சாப்பிட்டார். கிழவர் அவரோடு கிரிக்கெட் பேசினார். கக்கூசுக்குப் போவது எப்படி என்று டொக்டர் கேட்டதற்கு, "ஐ மனேஜ், டொக்டர்" என்றார். எழுந்து நிற்க முடியுமா? "ஒஃப் கோர்ஸ்." நாகேஸ்வரி கண்மூடித் திறப்பதற்குள் ஓடிப்போய் அவருடைய இடது அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கினார். டொக்டர் கண்டது டை கட்டி நிமிர்ந்து நின்ற ஒரு கனவானைத்தான். கடைசியாக நாகேஸ்வரியைப் பார்த்து, உங்களுக்கு ஏதும் கஷ்டமா என்று கேட்டார். புருஷனை முன்னுக்கு வைத்துக்கொண்டு, பிற ஆணிடம், இவருக்கு நான்தான் கழுவிவிடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "நோ ட்ரபிள், டொக்டர்" என்றார்.

ஹோம் தேவையில்லை, வீட்டிலேயே நன்றாகப் பார்க்கிறார்கள் என்று பதில் வந்தது.

பக்கத்து மெஷின் கிரேக்கக்காரி வூலா இந்தக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "டையா கட்டிவிட்டாய்? அழகுப் போட்டியா நடத்தினாய், பைத்தியக்காரி! டொக்டர் பார்க்க வருமுன் என் மாமியாருக்கு நாங்கள் மூன்று நாள் தலை வாரவில்லை. அடுத்த முறை குளிக்க வார்க்காதே. எதையும் ஒளிக்காதே. பார்க்கட்டும்." வீட்டில் ஒளித்து ஒளித்தே பழகிய நாகேஸ்வரி அன்று தைத்த கொலரெல்லாம் கோணலாகிவிட்டன.

குடும்ப டொக்டர் மன்றாடிக் கேட்டதில், அரசாங்க டொக்டர் இன்னொரு முறை வரச் சம்மதித்தார். இதுதான் கடைசி, இதிலும் இல்லையென்றால் இல்லைதான். அன்றைக்குக் காலையில் கிழவரை அப்படியே விடுவதென்று நாகேஸ்வரி சபதம் எடுத்தார். எடுத்து என்ன பயன்? மனம் கேட்டால்தானே! முகத்தைக் கழுவினார், பிறகு காலை, பிறகு முழுக்கவே குளிப்பாட்டிவிட்டார். டை மட்டும் கட்டவில்லை. கிழவர் அதற்கும் கோபித்துக்கொண்டார்.

டொக்டர் வந்தார். கிழவர் அதே "ஐ மனேஜ்" என்றார். பேச வேண்டும் என்று நாகேஸ்வரி இரவு படுக்கையில் பாடமாக்கிய இங்கிலிஷ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. டொக்டர் பேனாவை மூடப் பார்த்தார். மூடுமுன் ஒப்புக்குக் கேட்டார்: கொஞ்சம் எழுந்து நிற்கிறீர்களா?

"ஒஃப் கோர்ஸ்" என்று கிழவர் வலது கையைக் கதிரையில் ஊன்றினார். இடது பக்கம் சரிந்தது. "இஞ்சேர், நாகேஸ்" என்றார் மெதுவாக, வந்தவருக்குக் கேட்காதபடி.

நாகேஸ்வரியின் கால் ஓரடி முன்னே வந்துவிட்டது. அதைப் பின்னுக்கு இழுத்தார்.

"நாகேஸ்!"

கிழவர் கதிரையை விட்டு வழுக்கத் தொடங்கினார். டொக்டர் பேனாவைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவரைத் தாங்கினார். அந்தப் பாரத்தில் டொக்டருடைய முழங்காலே மடிந்தது. நாகேஸ்வரி சுவரோடு சுவராக நின்றார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்து, ஒன்று மற்றதை ஓடவிடாமல் இறுக்கிப் பிடித்தபடி.