பற்றரியும் ஆராய்ச்சி மிஸ்ஸும்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து விசுவமடு கிராமத்துக்கு வந்து, உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில், அறுவடை முடிந்து வேலை குறைந்திருந்த நாட்களில், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் பழகும் விதத்தை ஆராய்ந்து பட்டத்துக்கு எழுத வேண்டும். அவர்களின் பேச்சைப் பதிய அவருக்கு இருந்தது நான்கே நாட்கள். முதல் நாள் காலையிலேயே ரேப் ரெக்கோடரின் பற்றரிகள் தீர்ந்துவிட்டன. நான் என் இயந்திரத்தின் பழைய பற்றரியைக் கழற்றி, பாதியில் வயர் பிடித்து ஆறு வோல்ட் எடுத்துக் கொடுத்தேன். வயர் விலகாமல் பார்த்துக்கொள்ள வகுப்பு மூலையில் இருந்தேன்.

ஊரோ அவரை இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டது. பிள்ளைகள் நன்றாகச் சொன்னால் ஆங்கில வாத்தியார் கிடைப்பார் என்று, ஒரே ஆறு வசனங்களை வீட்டுக்கு வீடு பாடமாக்கி அனுப்பினோம். ஒரு கோழிகூட இல்லாத எங்கள் வீட்டில் மூன்று மாடுகள் நிற்பதாக என் மகளும் ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸ் சந்தோஷமாகப் பதிந்துகொண்டே போனார். சொன்னால் ஊருக்கு வெட்கம். சொல்லாவிட்டால் அவர் ஆராய்ச்சி பாழ். மூன்றாம் நாள் மாலை, தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். எல்லாம் மனப்பாடம். எங்க வீட்டுல மாடே கிடையாதுங்க."

"அப்ப மூண்டு நாளும் ஒரே பிள்ளையைத்தான் பதிஞ்சிருக்கிறனோ அண்ணை?" சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை நெல் மூட்டை ஏற்றப் போகவேண்டியிருந்தது. பற்றரியைத் திரும்பப் பூட்டினால் உயிரே இல்லை. வழக்கம்போலப் பள்ளிப் பிள்ளைகளைத் தள்ளக் கூப்பிட்டேன். மிஸ்ஸும் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார். தள்ளியபடியே பிள்ளைகள் கத்தினார்கள்.

"புஷ், புஷ்!"

"கிளட்ச் ஃப்ரீ!"

"ஸ்லோ, ஸ்லோ!"

"அப்பா, பிரேக் நோ!" அது என் மகள்.

மிஸ் தள்ளுவதை விட்டுவிட்டு நின்றார். "இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை மிஸ்," என்றான் முன்வரிசைப் பையன். "மெசினுக்குத் தமிழ் விளங்காது."

எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் ஓடிவந்தார். "நிப்பாட்டாதேங்கோ அண்ணை. பற்றரி சார்ச் ஏறட்டும். இண்டைக்குத்தான் பதியப் போறன்."

நெல் மூட்டை காத்திருந்தது. நான் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். சக்கரத்து மட்காட்டின் மேல் மிஸ், பின்னால் பள்ளிக்கூடமே. மதியம் ரெக்கோடருக்கு வயர் பூட்டினோம், பிள்ளைகள் தங்கள் சொந்த ஆங்கிலத்தில் பேசினார்கள். அவருக்குப் பட்டம் கிடைத்ததாகப் பிறகு கடிதம் வந்தது. எனக்கு நினைவிருப்பது அந்தப் பின்னேரம்தான்: ரேப் நாடா எல்லாம் தீர்ந்த பிறகும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தவில்லை.

சித்திரை வருடப்பிறப்பன்று எழுதி முடித்தேன்.