மூடாத வாயும் ஜாஸ்மின் டாக்டரும்

வல்லம் வடகாலில் பிறந்து, எட்டு வருடம் படித்து, வாய், தாடை, முகம் மூன்றிலும் அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டு வந்தவர் ஜாஸ்மின். ஊர் அவருக்குக் கொடுத்த பட்டமோ 'பல்லு புடுங்குற டாக்டர்'. ஒரகடத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. உள்ளே வருகிறவர்கள் அவரிடமே, "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள்.

"வந்தாச்சு, உக்காருங்க" என்பார்.

போன மே மாதம் ஒரு காலை, மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முதலில் வந்தவர் பக்கத்துத் தொழிற்சாலை சூப்பர்வைசர் கார்முகில். பின்னால், வாயை ஆவென்று திறந்தபடி ஆறடி இளைஞன் ஒருவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து வெல்டிங் லைனில் வேலை செய்யும் மாரிசெல்வம்.

"இன்னா ஆச்சுண்ணே?"

"சேஃப்டி மீட்டிங் மேடம். நான் பேசிகினே கீறேன், இவன் பெருசா ஒரு கொட்டாவி வுட்டான். வாய மூடுடான்னேன். மூடல. கிண்டல் பண்றான்னு மெமோ எழுதிட்டேன். அப்பறம் பார்த்தா, கண்ணுல தண்ணி ஊத்துது!"

"ஆ... ஆ..." என்றான் மாரிசெல்வம்.

ஜாஸ்மின் அவன் காதுகளுக்கு முன்னால் விரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் தாடை மூட்டு குழியை விட்டு முன்னே நழுவியிருந்தது. மேலிருந்து அழுத்தித்தான் அதை உள்ளே தள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தாலோ அவன் வாய் அவர் தோளுக்கு நேரே வந்தது.

"தரையில உக்காரு தம்பி. அண்ணே, நீங்க தலைய ஆடாம செவுத்தோட புடிங்க."

இரண்டு கட்டைவிரல்களிலும் கட்டுத்துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டார்.

"அது எதுக்கு மேடம்?"

"மூட்டு ஏறுனதும் வாய் பட்டுனு மூடிக்கும். என் விரல் எனக்கு வேணுமில்ல?"

மாரிசெல்வத்தின் கண்கள் இன்னும் பெரிதாயின. விரல்களை அவன் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்தபடி, ஜாஸ்மின் பேச்சுக் கொடுத்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆ..."

"பொண்ணு பாத்துட்டாங்களா?"

அவன் முகத்தில் வெட்கம் படர்ந்தது. தாடைத் தசை சற்றே தளர்ந்தது. அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுவதையும் கைகளில் இறக்கி, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். 'டொக்'கென்று ஒரு சத்தம். விரல்கள் தப்பின. வாய் மூடியது.

கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாரிசெல்வம் பேசிய முதல் பேச்சு: "சார், சத்தியமா நக்கல் பண்ணல சார். அந்த மெமோவ கிழிச்சிருங்க சார்."

"மீட்டிங்ல கொட்டாவி வுட்டதே தப்புதான்டா" என்றார் கார்முகில். ஆனாலும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தார்.

மூன்று வாரம் கஞ்சிதான், கொட்டாவி வந்தால் முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் ஜாஸ்மின்.

சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோக்கள்வரை கதை பரவியது. ஜாஸ்மினுக்கோ சின்ன வருத்தம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பைக் விபத்தில் தாடை உடைந்த ஒருவருக்குத் தகடும் திருகாணியும் வைத்து மூன்று மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்திருந்தார். அதை ஒருவர்கூடப் பேசவில்லை. அப்பா யாக்கோபுவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அத யாரும்மா பாத்தா? இத கார்முகில் பாத்தானே!" என்றார் அவர்.

போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு பெரியவர், படிக்குப் படி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ மூட்டு ஏத்துறதுல கில்லாடியாமே தாயி? இந்த முட்டியக் கொஞ்சம் பாரேன்."