லாரி அட்டவணையின் தலைமேல் ஒரு பொத்தான்

கம்ப்யூட்டர் திரையை நாம் வரையவே வேண்டாம் என்பதுதான், புரோகிராம் எழுத நான் எடுத்துக்கொண்ட ஃப்ரேம்வொர்க்கில் என்னை மயக்கிய விஷயம். லாரி என்றால் என்ன, அதை என்னென்ன செய்யலாம் என்று ஜாவாவில் எழுதினால் போதும், பக்கத்தை அதுவே போட்டுவிடும். லாரிகள் பல என்றால் ஒரு அட்டவணை, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் டிக் போட ஒரு கட்டம், செய்யக்கூடிய வேலைகளெல்லாம் அட்டவணையின் தலைமேல் பொத்தான்களாக.

காலேஜ் முடித்த சூட்டில், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையின் கேட்டுக்கு அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினேன். என் முதல் புரோகிராம். ஓட்டிப் பார்க்க மேனேஜர் ஒரே வாரம்தான் கொடுத்தார். "கேட்ல வண்டி தேங்கினா கம்ப்யூட்டரைத் தூக்கிடுவேன்."

கேட்டில் வைத்த மறுநாளே எடைமேடையில் கூச்சல். சரக்கோடு உள்ளே நிற்கும் வண்டியை, வெளியே போய்விட்டது என்கிறது கம்ப்யூட்டர். எடைச்சீட்டு வரவில்லை. எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வந்த வண்டிகள் ஹைவே வரைக்கும் நின்று ஹாரன் அடித்தன. கேட் அறைக்கு ஓடினேன். அட்டவணை காலி.

"அண்ணே, எல்லா வண்டியையும் வெளியே அனுப்பிட்டீங்களா?"

கேட் சூப்பர்வைசருக்குக் கோபம். "இன்னா நைனா பேசற? யார்டைச் சுத்திக்கினு வந்து, பார்த்த வண்டிக்கெல்லாம் டிக் போட்டேன். அப்பால ஒரு வண்டி கிளம்புச்சு, 'வெளியே அனுப்பு'ன்னு இருந்துச்சு, அமுக்கினேன். எந்த வண்டின்னு அது கேக்கவே இல்லையே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பல வருஷமாக, அட்டையில் செருகிய வண்டிப் பட்டியலில் அவர் போட்ட டிக்குக்கு, வண்டியைக் கண்ணால் பார்த்தேன் என்று அர்த்தம். ஃப்ரேம்வொர்க்குக்கோ, டிக் போட்ட அத்தனையையும் அனுப்பு என்று அர்த்தம்.

பொத்தானை நகர்த்தலாமென்றால், தலைமேல்தான் வைப்பேன் என்று அது அடம் பிடிக்கும். ஒரே வழி, 'வெளியே அனுப்பு' என்பதை அட்டவணையிடமிருந்து பிடுங்கித் தனி லாரியிடம் கொடுப்பது. அந்த லாரியின் பக்கத்தைத் திறந்தால்தான் பொத்தான் தெரியும். டிக்குக்கென்று அட்டவணையின் மேல் 'பார்த்தாச்சு' என்று ஒன்றை எரிச்சலோடு சேர்த்தேன். ஹாரன் சத்தத்திலேயே எழுதி முடித்து, போகாமலே 'போன' வண்டிகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் திரும்பக் கொண்டுவந்தேன்.

"பேஜாரு. ஒவ்வொரு வண்டியா தொறக்கணுமா?"

"கேட்டை ஒவ்வொரு வண்டியாத்தானே அண்ணே தாண்டுது?"

"தாண்டட்டும். நான் ஒக்காந்துக்கினே கையைக் காட்டுவேன், போய்டும்."

ஒரு வண்டியின் பக்கத்தைத் திறந்து, பொத்தானைக் காட்டிவிட்டு வந்தேன்.

வாரக் கடைசியில் மேனேஜர் வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை, நேராக சூப்பர்வைசரிடம் கேட்டார். "வெச்சுக்கலாமா, தூக்கிடலாமா?"

"இருக்கட்டும் சார். 'காலையிலேர்ந்து நிக்கறேன், கேட்ல யாரும் பார்க்கல'ன்னு டிரைவருங்க எம்மேலயே பிராது சொல்லுவானுங்க. இப்ப 'பார்த்தாச்சு' அமுக்கினா, பார்த்த டைம் அதுலயே வந்துடுது, அதைக் காட்டிடறேன். மத்ததெல்லாம் சும்மா."

மேனேஜர் சரியென்று போய்விட்டார். கம்ப்யூட்டர் தப்பித்தது, நானும் தப்பித்தேன். மாசக்கணக்கில் மண்டையை உடைத்து எழுதிய மத்ததெல்லாம் சும்மாவாம்!