வேறு ஆண்பிள்ளை உண்டா?

ஹௌ அம்மாள் எழுபத்தோரு வயது வரை வாய்தவறிக்கூடப் பொய் சொன்னதில்லை. அதில் அவளுக்கு மகா பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நாற்பதில் புருஷனைப் பறிகொடுத்து, வாத்து வளர்த்து இரண்டு பையன்களை ஆளாக்கினாள். மூத்தவன் லிசாய் உப்பு ஏற்றும் படகில் வேலைக்குப் போனவன்தான். பன்னிரண்டு வருஷமாக ஒரு தகவல் இல்லை. இளையவன் யுங்ஃபாதான் அவளுக்குக் கையும் காலும். கல்யாணம் கட்டவும் வக்கில்லாமல் வாத்துகளோடு திரிந்தான். ஒரு நாள் வாத்துகள் அடுத்தவன் நாற்றங்காலில் இறங்கிவிட்டன. பேச்சு வளர்ந்து கைகலப்பாயிற்று. யுங்ஃபா வீசிய மூங்கில் கழி நெற்றிப்பொட்டில் பட்டு அந்த மனுஷன் அங்கேயே செத்துவிட்டான்.

கழுத்தை நெரித்துக் கொல்வதென்று தீர்ப்பு. ஆனால் ஒரு வழி இருந்தது. எங்கள் சட்டம் இரண்டு தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை. ஒரு பக்கம், யார் எவர் என்று முகம் பார்க்காமல் தண்டி என்று சொன்ன அந்தக் காலத்துச் சின் நாட்டுக் கறார்ச் சட்டக்காரர்கள். இன்னொரு பக்கம், மகனைக் கொன்றுவிட்டால் தாய்க்குக் கஞ்சி ஊற்றுவது யார் என்று கேட்ட கன்பூசியஸ் வழிப் படிப்பாளிகள். அதனால்தான் புத்தகத்தில் அப்படி ஒரு விதி. பெற்றவளுக்கு எழுபது தாண்டி, அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆண்பிள்ளையும் இல்லையென்றால், மகனுக்கு உயிர்ப்பிச்சை கேட்டு மன்னருக்கு எழுதலாம். தடியடியும் கழுத்தில் பலகை மாட்டி நிற்பதுமாகத் தண்டனை முடிந்து ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அரசாங்கக் கச்சேரி எழுத்தர் மேங் அவளை உட்காரவைத்துக் கேட்டார். "வேற ஆம்பளைப் பிள்ளை உண்டாம்மா?"

"ஏன் இல்லாம? மூத்தவன் இருக்கானே!"

மேங் தூரிகையைக் கீழே வைத்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. பன்னெண்டு வருசமா ஒரு கடுதாசி உண்டா? போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அக்கம்பக்கத்துல கைநாட்டு வாங்கறது என் பாடு."

"நல்லா இருக்கே நியாயம்! வருசப் பொறப்புக்கு அவனுக்குன்னு கிண்ணம் வச்சு சோறு போடறேன். இங்க வந்து என் வாயாலயே அவனைச் சாகடிக்கணுமா? உள்ளதை எழுதுங்கய்யா. உள்ளதைச் சொன்னா மேல இருக்கறவங்க கைவிடமாட்டாங்க."

சிறையில் யுங்ஃபா தலையில் அடித்துக்கொண்டான். "அட, என்னம்மா நீ! செத்துட்டான்னு சொல்லித் தொலையேன். அண்ணன் வந்தா நான் கால்ல விழுந்து சமாதானம் பண்ணிக்கறேன். நான் போயிட்டா வாத்தை யாரு மேய்ப்பா, நீயா?"

"சனியனே, அபசகுனமா பேசாத" என்று அதட்டிவிட்டு, கம்பிக்குள் கைவிட்டு ஊறுகாய்க் கீரையும் சோறும் ஊட்டினாள்.

மறுநாள் காலையில் கச்சேரி வாசல் வரை போனாள். 'போயிட்டான்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மேங் வெளியே வந்து நின்றார். அந்தச் சொல்லைச் சொல்லாமலே அப்படியே திரும்பிவிட்டாள். எழுத்தராவது தன் பாட்டுக்கு எழுதியிருக்கலாம். அவரும் பயந்தாங்கொள்ளி, அவள் சொன்னதையே எழுதி அனுப்பினார்.

இலையுதிர் காலத்தில் மரண தண்டனைப் பட்டியல் தலைநகருக்குப் போயிற்று. மன்னரின் சிவப்பு மை யுங்ஃபாவின் பெயர்மேல் விழுந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் லிசாய் வந்தான்! கொழுகொழுவென்று, நல்ல பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு. ஹௌ அம்மாள் அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். தான் சொன்னது பொய்யாகவில்லை என்ற ஒரு ஆறுதல் அவளுக்கு. நாலு நாள் இருந்தான், தம்பிக்காகக் கொஞ்சம் அழுதான். ஐந்தாம் நாள் மூட்டை கட்டினான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"வீட்டுல தேடுவாங்கம்மா. அங்க மாமனார் படுத்த படுக்கை, நான்தான் தூக்கி உட்கார வைக்கணும்."

"உன் வீடு இதுதானடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டோட மாப்பிள்ளையா போயிட்டேன்மா, எட்டு வருசமாச்சு. பேரும் அவங்க குடும்பப் பேருதான், அந்த ஊர்ப் பதிவுலயே ஏத்தியாச்சு."

அவள் அவனைத் திட்டவில்லை. அவன் போன பிறகு கச்சேரிக்கு நடந்தாள். மேங் எழுந்து நின்றார். மூத்தவன் சொன்னதையெல்லாம் ஒப்பித்துவிட்டு, "அப்போ, அன்னிக்கு இல்லைன்னு நான் சொல்லியிருந்தா அது பொய்யாய்யா?" என்று கேட்டாள்.

மேங் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். இன்னொரு குடும்பத்துக்குப் போய்விட்டவன் கணக்கில் வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் மழுப்பியிருக்கலாம், பாவி மனுஷன்.

"இல்லம்மா," என்றார். "அதுதான் உண்மை."