முக்கில் இறங்குகிறவர்கள்

நாற்பத்தேழு வயதில் சைக்கிள் வாங்கி, ஒரு மாதம் வரைக்கும் நேராக மட்டுமே ஓட்டிய பெண் தூத்துக்குடி வட்டாரத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே ஓர் ஆளின் மானத்தை வாங்கவும்தான். அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

அவர் மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். எல்லாருக்கும் அண்ணாச்சி. கடை வாசலில் எப்போதும் ஒரு நாட்டு வாழைப்பழத் தார் தொங்கும். வாரம் ஒருமுறை ஏரலுக்குப் போய் அவரே பார்த்து எடுத்து வருவார். டவுனில் ஏசி போட்ட பெரிய கடை ஒன்று வந்ததிலிருந்து அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கடை அது. உளுந்தும் அங்கேதான், உள்பாவாடையும் அங்கேதான், ஒரு மூலையில் வரிசையாகச் சைக்கிளும் நிற்கும். காலையில் சாம்பிராணி காட்டும்போதே "அந்தக் கடை நாசமாப் போவட்டும்" என்று சாமியிடம் ஒரு வார்த்தை போட்டுவைப்பார்.

நான் அந்தக் கடையில்தான் சைக்கிள் வாங்கினேன்.

அவரைச் சீண்ட வேண்டும் என்று வாங்கவில்லை. சரி, கொஞ்சம் சீண்டத்தான். ஆனால் ஆசை உண்மையானது. இருபத்து நாலு வருஷமாக எங்கே போவதென்றாலும் அவர் மொபெட்டின் பின்னால்தான் போகிறேன். தங்கச்சி வீட்டில் இறக்கிவிட்டு "நாலு மணிக்கு வாரேன்" என்பார். ஆறரைக்கு வந்து "கடையில கூட்டம்" என்பார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு பி.ஏ. படித்து முடித்திருக்கலாம். யாரையும் கேட்காமல், யாருக்காகவும் காத்திருக்காமல், கடல் வரைக்கும் ஒரு தடவை போய்வர வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

கடையில் எனக்குச் சைக்கிள் மாட்டிக் கொடுத்தவர் அரிசிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு கையில் விலை ஒட்டுகிற மெஷின், ஒரு கையில் ஸ்பேனர். அட்டைப்பெட்டியைக் கிழித்தார், முறுக்கினார், தட்டினார். மணி ஆடியது. அதற்கு ஒரு செல்லோடேப்பைச் சுற்றிவிட்டு, "ஃபுல் ஃபிட்டிங் மேடம்" என்றார். நானும் நம்பி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் முகத்தை ஒரு முழத்துக்கு வைத்துக்கொண்டுதான் பூஜை போட்டார். சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் போட்டார்.

"என்ன ம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"இருக்காதா பின்ன? கம்பெனி சாமான். உங்க ஊறுகாய் பாட்டில் மாதிரின்னு நெனச்சீங்களா?" வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

"அப்பம் சரி" என்றார். "ஆடி பொறக்கதுக்குள்ள ஓட்டிக் காட்டு. வீட்ல இருந்து ஏறி, முக்குல திரும்பி, கடை வாசல்ல வந்து நிக்கணும். நிக்கலைன்னா கடைக்குச் சரக்கு ஏத்த எடுத்துக்கிடுவேன்."

"ஓட்டிட்டா?"

"ஓட்டிட்டா சைக்கிள் ஒனக்கு."

"ஏற்கெனவே எனக்குத்தான! என் தையல் காசுல வாங்குனதுலா?"

அதை அவர் காதில் வாங்கவில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. நானும் சரி என்றுவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் உப்பளங்களுக்கு நடுவே ஒரு ரோடு நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. அதில் பழகினேன். நேராகப் போவது பத்து நாளில் வந்துவிட்டது. திரும்புவதுதான் வரவே இல்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினால் போதும், கால் விரல் முன் மட்கார்டில் இடிக்கும், நான் கீழே கிடப்பேன். ஒருமுறை உப்புக் குவியலிலேயே விழுந்தேன். சிராய்ப்பில் உப்புப் பட்டால் எப்படி எரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வீட்டுக்கு வந்தால் அவர் முழங்காலுக்கு மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டே, "பாத்து ஓட்டுளா, வயசு என்ன ஆவுது" என்பார். எனக்கு அழுகை வந்துவிடும். என் கால்தான் நீளம், எனக்குத்தான் கூறு இல்லை என்று நினைத்தேன். சைக்கிள் மேல் சந்தேகமே வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் முக்கு வழியாகத் தினமும் ஒரு நர்ஸ் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போவாள். என்னுடையது மாதிரியே நீலச் சைக்கிள், அதே கடையில் வாங்கியது. ரெண்டு வருஷமாக ஓட்டுகிறாள். அவள் முக்குக்கு வந்ததும் மரியாதையாக இறங்குவாள். சைக்கிளைக் கையால் திருப்பி வைப்பாள். எங்கள் கடையில் ரெண்டு பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். பிறகு ஏறிப் போவாள். படித்த பிள்ளை, ரெண்டு வருஷ அனுபவம், அவளே இறங்கித்தான் திருப்புகிறாள் என்றால் அதுதான் முறை போலிருக்கிறது என்று நானும் அப்படியே செய்தேன். உப்பளம் முடிகிற இடம் வரை போவேன், இறங்குவேன், சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைப்பேன், ஏறுவேன், வருவேன். வழியில் பார்த்துக்கொண்டால் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே சங்கத்து ஆட்கள் மாதிரி தலையை ஆட்டிக்கொள்வோம்.

ஆனால் பந்தயத்தில் இறங்காமல் திரும்ப வேண்டுமே. ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது. போதாத குறைக்கு இடது பெடல் கழன்று கழன்று விழுந்தது. வீட்டில் வாய் திறக்க முடியுமா? அவர் தார் எடுக்க ஏரலுக்குப் போன அன்று, பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அரிசிக்காரர் பெடலைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு "ஓகே மேடம்" என்றார். திரும்பினால் கால் இடிக்கிறது என்றேன். "அது நீங்க ஓட்டுததுல இருக்கு மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"அப்பம் நீங்க ஓட்டிக் காட்டுங்க. இங்கனயே."

கூட்டம் கூடிவிட்டதால் அவருக்கும் வேறு வழியில்லை. ஏறினார். அரிசி மூட்டைகளுக்கும் சோப்பு அடுக்குக்கும் நடுவே நேராக, ஜோராகப் போனார். ஊறுகாய் வரிசையில் திருப்பினார். பூட்ஸ் மட்கார்டில் இடித்தது. துடைப்பங்களை நட்டுவைத்திருந்த பெரிய டப்பாவுக்குள் மனுஷன் தலைகுப்புறப் போனார். போகும்போது "யக்கா!" என்று கத்தினார். அதுவரைக்கும் நான் மேடம்.

துடைப்பக் குச்சியைத் தலையிலிருந்து எடுத்துக்கொண்டே, "இந்த மாடலே இப்படித்தான்க்கா" என்றார். நான் அங்கே நின்ற சைக்கிள்களை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். ஆறு சைக்கிள். அஞ்சில் முன் சக்கரம் பெடலை ஒட்டி உள்ளே ஒடுங்கி நின்றது. ஒன்றில் மட்டும் சக்கரம் முன்னால் தள்ளி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. அதன் கழுத்தில் "டேமேஜ்" என்று ஓர் அட்டை.

"அதுக்கு என்ன கேடு?"

"அத மட்டும் கம்பெனியிலயே மாட்டி அனுப்பிட்டான்க்கா. மத்ததோட ஒத்து வரல. முன்னாடி துருத்திக்கிட்டு நிக்குல்லா? கழட்டிச் சரி பண்ணணும்னு வச்சிருக்கோம்."

எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. முதல் சைக்கிளை யாரோ தப்பாக மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து ரெண்டாவது. ரெண்டாவதைப் பார்த்து மூன்றாவது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை இருக்கிறதே, ஃபோர்க் என்பார்கள், அதன் முனை முன்னால் வளைந்திருக்க வேண்டும். இவர்கள் பின்னால் திருப்பி மாட்டி, சக்கரத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்திருக்கிறார்கள். டேமேஜ் சைக்கிளைக் காட்டி, "எனக்கு அந்தக் கேட்டை வச்சுத் தாரும்" என்றேன். ஹேண்டில்பாரில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினார், சக்கரத்தை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பினார், முறுக்கினார். சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்கா நான் ஒரு மாதம் உப்பில் விழுந்து புரண்டேன்! மற்ற அஞ்சையும் திருப்பச் சொன்னேன். ஆபீசில் கேட்க வேண்டுமாம்.

ஆடிக்கு முந்தின நாள் காலை. வீட்டிலிருந்து ஏறினேன். முக்கு வந்தது. பழக்கதோஷத்தில் ஒரு கால் தரையைத் தேடியது. அதை அதட்டி மேலே வைத்துவிட்டுத் திருப்பினேன். எதுவும் இடிக்கவில்லை. கடை வாசலில் பிரேக்கைப் பிடித்து, தாருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். ஜெயித்துவிட்டேன். சைக்கிள் எனக்கு.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைப் பார்த்தார்.

"ஃபோர்க்கைத் திருப்பிட்டாம் போலுக்கே" என்றார்.

நான் ஃபோர்க்கைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். "எலுமிச்சம்பழம் வைக்கும்போதே பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல? மஞ்சள் போடும்போதுகூட வாயத் தொறக்கலயே!"

"கம்பெனி சாமான்னு நீதான சொன்ன. நான் சொன்னா பொறாமைம்ப."

அந்த நேரம் நர்ஸ் பிள்ளை வந்தாள். முக்கில் இறங்கினாள், சைக்கிளைத் திருப்பினாள், ரெண்டு பழம் வாங்கினாள், ஏறிப் போனாள். அவள் முன் சக்கரம் காலை ஒட்டி ஒடுங்கி ஓடியது. நான் அவளைப் பார்த்தேன், பிறகு அவரைப் பார்த்தேன். அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷமா பாக்கீங்க. அந்தப் பிள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லலாம்தான்." தராசை இன்னும் அழுத்தித் துடைத்தார். "அவ எறங்குதா. எறங்குனதுக்கு ரெண்டு பழம் வாங்குதா. சொல்லிட்டா நிக்காம போயிருவாள்லா?"

அப்போதுதான் மற்றவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். டியூஷன் டீச்சர், உப்புக் கம்பெனி கிளார்க், இன்னும் ரெண்டு மூன்று பேர். முக்கில் இறங்கி, வந்ததற்கு ஏதாவது வாங்கிப் போகிறவர்கள். எல்லாம் அந்தக் கடைச் சைக்கிள். இத்தனை நாளும் அவர்களை இவருடைய விசுவாசமான வாடிக்கை என்று நினைத்து நானும் சிரித்துப் பேசியிருக்கிறேன். அந்தக் கடை நாசமாகப் போகட்டும் என்று சாம்பிராணி காட்டிய மனுஷன், அந்தக் கடை செய்த தப்பில்தான் பழம் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்!

"அடப்பாவி மனுஷா" என்றேன்.

மறுநாள் காலை எங்கள் கடையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முக்கில் போய் நின்றேன். நர்ஸ் பிள்ளை வந்து இறங்கினாள். விஷயத்தைச் சொன்னேன். போல்ட்டைத் தளர்த்திச் சக்கரத்தைத் திருப்பி முறுக்கினேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர எந்த முக்குலயும் திருப்பிருவேங்க்கா. இதுல மட்டும் எனக்குக் கை வரலன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றேன். ரெண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு சிரிப்பு வந்து நிற்கவே இல்லை.

ஏறினாள். கொஞ்சம் ஆடினாள். திருப்பினாள். மணியை ரெண்டு தரம் அடித்தாள், போய்விட்டாள். கடையில் அவர் வழக்கம்போல ரெண்டு பழத்தைப் பிய்த்துக் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

டீச்சருக்கும் கிளார்க்குக்கும் மற்றவர்களுக்கும் அந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பழம். விற்காமல் தோல் கறுத்த பழம். அவர்தான் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. "இன்னும் ரெண்டு சாப்பிடுங்க" என்று நானே உரித்து அவர் தட்டில் வைத்துவிட்டு, கடலைப் பார்க்கக் கிளம்பினேன்.